ஜலாலோடு வந்த கூச்சல்

2001ஆம் ஆண்டு ஜலால் பிரான்சிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியபோது, அவரோடு இரண்டு பெட்டிகளும் ஒரு ஜோடி பூட்சும் முப்பதாயிரம் பேரின் கூச்சலும் முல்லா வீதிக்கு வந்து சேர்ந்தன. பெட்டிகளை ஆட்டோக்காரர் இறக்கி வைத்தார். கூச்சல் தானாகவே வீட்டுக்குள் போய்விட்டது. அன்று மத்தியானம் அவருடைய மனைவி மஹ்பூபா மீன் குழம்பை இறக்கிவைக்க, ஜலால் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாரோ இல்லையோ, "அலே! அலே!" என்று ஓடு அதிர ஆரவாரம் எழுந்தது. எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியே போனது. பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. அவர் ஜன்னலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இது கால்பந்து மைதானத்துச் சத்தம்தான், ஆள் முப்பதாயிரத்துக்குக் குறையாது என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை.

ஜலால் வட பிரான்சில் ஒரு கிளப்புக்குப் பத்து வருஷம் சம்பளத்துக்குப் பந்தாடியவர். அவர் ஆடியதை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. பார்ப்பானேன்? முப்பதாயிரம் பேர் பொய் சொல்வார்களா? பூட்ஸ் கண்ணாடி அலமாரிக்குள் போனது. அவர் இல்லாத அந்தப் பத்து வருஷத்தில் மாமியாரைக் கடைசிவரை பார்த்து அடக்கம் செய்து, மகள் மஹீராவுக்கு நிக்காஹ்வும் முடித்துவைத்த மஹ்பூபா, வெள்ளிக்கிழமைதோறும் அந்த பூட்சை எடுத்துத் துடைத்து வைப்பாள். வாய் திறக்கமாட்டாள். அவள் ஆப்பத்தைப் பிய்யாமல் எடுத்தாலும், வைத்திக்குப்பத்து மீனை ஒரே இழுப்பில் செதில் உரித்தாலும், பக்கத்தில் நிற்கும் ஜலாலுக்குக் கைதட்டல் காதைப் பிளக்கும். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். டீக்கடைக்குத் தனியாகப் போனால் மட்டும் ஆட்டம் தொடங்காத மைதானம்போல வெறும் முணுமுணுப்புதான் கேட்கும். ரசிகர்களுக்கு டீ பிடிக்காது என்று சொல்லிச் சமாளித்துவந்தார்.

2006ஆம் வருஷம் உலகக் கோப்பையில் பிரான்ஸ் இறுதி ஆட்டம்வரை போனதில் ஊருக்கே பந்துப் பித்து பிடித்தது. இப்படி ஒரு மனுஷரைச் சும்மா வைத்திருக்கிறோமே என்று விளையாட்டுச் சங்கத்தார் வெட்கப்பட்டு, அவரை இளைஞர் அணிக்குக் கோச் ஆக்குவதென்று முடிவு செய்தார்கள். உப்பளம் மைதானத்தில் சால்வை, மைக், நாதஸ்வரம். வேலையை ஏற்குமுன் சம்பிரதாயமாக அவர் ஒரு பெனால்டி அடிக்க வேண்டும். பாவம், கோல்கீப்பர் பையன் அந்த முப்பதாயிரத்தை நினைத்து முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டான். ஜலால் ஓடிவந்து அடித்தார். பந்து சுத்தமாக வலைக்குள் போனது. ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். அந்த முப்பதாயிரம் பேர் மூச்சு விடவில்லை.

அப்படி ஒரு நிசப்தத்தை இந்த ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. சங்கத் தலைவர் அரிகிருஷ்ணன் விரித்த சால்வையோடு அப்படியே நின்றுவிட்டார். ஆனால் வலை கிழிசல் வலை. அதைத் துளைத்துக்கொண்டு போன பந்து பெண்கள் நாற்காலிப் பக்கம் பாய்ந்தது. இடது கையில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்த மஹ்பூபா, முந்தானைகூடச் சரியாமல், வலது கையால் அதைப் பிடித்துவிட்டாள். எழுந்ததே ஒரு கூச்சல்! பந்தல் கால் சாய்ந்தது, மைக் செட் கருகியது, அரியாங்குப்பம் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்களாம். எல்லோருடைய தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஜலாலின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுக்கா இவ்ளோ சத்தம்?" என்றாள் மஹ்பூபா, பந்தைக் கீழே வைத்து. "வாங்க, சோறு ஆறுது."

வீட்டுக்கு வந்து அவர் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தார். "நான் ஆடவே இல்ல மஹ்பூபா. மாத்தாளா பெஞ்சுலயே குந்தியிருந்தேன். அந்தச் சத்தமெல்லாம் மத்தவங்க கோலுக்கு. காதுல ஒட்டிக்கினு கூடவே வந்துடுச்சு."

"தெரியுங்க."

"எப்படித் தெரியும்?"

"பூட்ஸ வாராவாரம் தொடைக்கிறது யாரு? அடியில ஆணி ஒண்ணுகூடத் தேயல."

அவர் சின்னப்பிள்ளைபோல அழுதார். இத்தனை வருஷம் அவள் சொல்லிக்காட்டாமல் இருந்ததுதான் அவரை அதிகம் அடித்தது. மறுநாள் தானே சங்கத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லி, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஊர் ஒரு வாரம் வாயைப் பிளந்தது. பிறகு வஞ்சிரம் விலை ஏறியதும் அதைப் பேசப் போய்விட்டது.

அந்த மாதமே ஜலால் மரக்கடையில் ஒரு பெஞ்சு வாங்கி அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அதில் உட்கார்ந்துதான் வெங்காயம் உரிக்கிறார். மஹ்பூபா ஆப்பச் சட்டியில் கை வைக்கும்போது, கூச்சல் கிளம்புவதற்கு ஒரு நொடி முன்பே எழுந்து நின்று கைதட்டுகிறார். பத்து வருஷம் பெஞ்சில் இருந்தவருக்கு எப்போது எழ வேண்டும் என்று தெரியாதா என்ன?