முப்பத்தெட்டு பாகை

வண்டியில் மூன்று பேர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணவன். பக்கத்து இருக்கையில், மடியில் துணிப்பையோடு அவள். பின்னால் ரொட்டித் தட்டுகள் அடுக்கும் இடத்தில், ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவளுடைய நாத்தனார். தண்ணீர்க் கேனுக்கும் ஓர் இடம் உண்டு, நாத்தனாரின் இரண்டு கால்களுக்கு நடுவில். பேக்கரி வண்டி; ஞாயிற்றுக்கிழமையானாலும் மாவு வாசனை அதைவிட்டுப் போவதில்லை.

"அண்ணி, லீவு நாள்ல எல்லாரும் சினிமாவுக்குப் போறாங்க. நாம மட்டும் கல்லு பாக்கப் போறோம்."

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"வராம? உங்க மூக்கு உடையறத நேர்ல பாக்க வேணாமா?"

கணவன் கண்ணாடியில் தங்கையைப் பார்த்து முறைத்தான். மனைவியோ சிரித்துக்கொண்டாள். மூக்கு உடையாது என்று அவளுக்குத் தெரியும். எப்படி உடையாமல் இருக்கப்போகிறது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை; பதினாலு வருஷம் ஆகிறது. ஓய்வு கிடைத்தால் பொட்டல்வெளியில் கல் தேடுவாள். போன மாதம் ஒரு பலகைக் கல் கிடைத்தது. ஒரு பட்டை செங்கல் சிவப்பு, ஒரு பட்டை ஈயச் சாம்பல், மறுபடி சிவப்பு, மறுபடி சாம்பல். எந்தப் பட்டையும் விரல் நகத்தைவிட அகலமில்லை. காந்தத்தை வைத்தால் சாம்பல் பட்டையில் பச்சக்கென்று ஒட்டியது. பீங்கான் ஓட்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் உரசினால் செம்பழுப்பாகக் கோடு விழுந்தது. இரும்புப் பட்டைக்கல், சந்தேகமே இல்லை. தரையில் வேரோடியிருந்த பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தாள். எடுத்த இடத்தையும் முறையாகக் குறித்துக்கொண்டாள். அங்கிருந்து திசைகாட்டியில் பார்த்தால், வடக்கிலிருந்து தண்ணீர்த் தொட்டி இத்தனை பாகையில், செல்போன் கோபுரம் இத்தனை பாகையில் என்று இரண்டு எண்களையும் எழுதி, கல்லோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

புதன்கிழமை பதில் வந்தது. நாத்தனாருக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற உத்தியோகம். உறையைக் கையில் எடுத்ததுமே, "மெல்லிசா இருக்கு அண்ணி, நல்ல சேதியா இருக்காது" என்று போனில் சொல்லிவிட்டாள். அப்படியேதான் இருந்தது. கடிதம் சொன்னது இதுதான்: தாங்கள் தந்த இரண்டு எண்களையும் வரைபடத்தில் கோடாக இழுத்து, கோடுகள் வெட்டிய இடத்துக்கு எங்கள் ஆள் போய்ப் பார்த்தார். அங்கே களிமண்ணைத் தவிர ஒன்றுமில்லை. கல் லாரியிலிருந்து விழுந்த சரளையாகவும் இருக்கலாம். மாதக் கடைசிக்குள் இடம் உறுதியாகாவிட்டால் 'கிடைத்த இடம் தெரியவில்லை' என்ற சீட்டோடுதான் கல்லை வைக்க முடியும். இப்படிக்கு, காப்பாளர்.

சரளை என்ற சொல்லைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். தெரியவில்லை என்ற சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. எடுத்தவளுக்குத் தெரியாதா எடுத்த இடம்?

பொட்டல்வெளி ஓரத்து மதகைத் தாண்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதையும் பார்க்காமல், வீட்டுக் கொல்லைப்பக்கம் போகிறவளைப் போல விறுவிறுவென்று நடந்தாள். வறண்ட ஓடை, இரட்டைக் கரையான் புற்று, ஒரு முட்புதர். புதரைத் தாண்டியதும் நின்றாள்.

"இதோ."

தரையோடு தரையாக, வண்டி நீளத்துக்கு, பாறையின் முதுகு மட்டும் தெரிந்தது. கேனிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். தூசி கரைந்து ஓட, சிவப்பும் சாம்பலுமாகக் கோடுகள் எழுந்து வந்தன. ஓரத்தில் பல் பிடுங்கிய இடம் போல ஒரு பள்ளம். பலகைக் கல் அங்கிருந்து வந்ததுதான்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள்.

"அப்ப அந்த ஆளு எங்க போய்ப் பாத்தாரு?"

"அதான் எனக்கும் வேணும்."

அவள் திசைகாட்டியை எடுத்தாள். லென்ஸ் கடைப் பழக்கம், எந்த அளவையும் கையில் பிடித்து எடுக்கமாட்டாள். கை நடுங்கும், மேசை நடுங்காது. திசைகாட்டியைப் பாறைமேல் சமமாக வைத்து, முட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தொட்டி இருபத்துநாலு. கோபுரம் எண்பது. போன மாதம் எழுதிய அதே எண்கள், ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

"பாத்தியா? நான் எழுதினது சரி."

"இடமும் சரி, எண்ணும் சரி, ஆனா அவருக்கு மட்டும் களிமண்ணு. பேசாம வேற எண்ணைப் போட்டு, காப்பி பண்ணும்போது தப்பாயிடுச்சுன்னு எழுதிடுங்க அண்ணி. யாரு வந்து கேக்கப்போறா?"

"நான் தப்பா காப்பி பண்ணலையே."

"அய்யோ, பண்ணலைன்னு எனக்கும் தெரியும். சும்மா எழுதறதுக்குச் சொல்றேன்."

"சும்மா எழுதறதுக்கு எனக்குக் கை வராது."

கணவன் இவ்வளவு நேரமும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். "குடு பாப்போம்" என்று திசைகாட்டியை வாங்கிக்கொண்டு, தொப்பி எடுக்கிறேன் என்று வண்டிப் பக்கம் போனான். அங்கிருந்து ஒரு குரல்.

"ஏம்மா! தொட்டி அறுபத்திரெண்டு!"

"எத்தனை?"

"அறுபத்திரெண்டு! கோபுரம் நூத்திப்பதினெட்டு!"

"முள்ளோட எந்த முனையைப் பாக்கறீங்க? சிவப்பு முனையைப் பாருங்க!"

"இருபது வருஷமா வண்டி ஓட்டறேன், எனக்கு வடக்கு தெரியாதா?"

"வடக்கு தெரிஞ்சவருதான் போன தடவை எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினீங்க!"

நாத்தனார் பாறையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "நல்லா கேளுங்க அண்ணி, விடாதீங்க."

"வண்டியை விட்டு விலகி நில்லுங்க!" என்று அவள் கத்தினாள். "வண்டி பூரா இரும்பு! இரும்புப் பக்கத்துல வச்சா முள்ளு இழுக்காதா? இது கூடவா..."

கீழே பார்த்தாள். தான் முட்டி போட்டிருந்தது எதன்மேல் என்று பார்த்தாள்.

கணவன் சொன்னபடி வண்டியை விட்டு நாற்பது தப்படி விலகி நின்று பார்த்தான். "இப்பவும் அறுபத்திரெண்டுதான்! என்ன சொல்றே?"

அவள் மனசுக்குள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டில் இருபத்துநாலு போனால் முப்பத்தெட்டு. நூற்றுப்பதினெட்டில் எண்பது போனால், அதுவும் முப்பத்தெட்டு. தொட்டியும் கோபுரமும் ஒன்றுபோலத் தள்ளியிருந்தன. கண் தப்பவில்லை, கையும் தப்பவில்லை. முள்தான் மொத்தமாக முப்பத்தெட்டு பாகை சாய்ந்திருக்கிறது. கையில் சாதாரணமாகப் பிடித்துப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு சாய்ந்திருக்காது. அக்கறையாக, அசையாமல் இருக்கட்டும் என்று, இரும்பின்மேலேயே கொண்டுபோய் வைத்தாளே!

"என்ன அண்ணி, முகமே போயிடுச்சு?"

"போகலை. வந்திருக்கு." எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். "என்னங்க! அங்கேயிருந்து என்னைப் பாத்து நேரா நடந்து வாங்க. அஞ்சு தப்படிக்கு ஒரு தடவை நின்னு, தொட்டி எத்தனைன்னு சத்தமா சொல்லுங்க. நீ தப்படியை எண்ணு."

நாத்தனார் எண்ண, கணவன் கத்த, அவள் நோட்டில் எழுதினாள். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. இப்படியே போய்ப் புதரை நெருங்கியதும் அறுபது என்றான். பிறகு ஐம்பத்தைந்து. பாறை விளிம்பில் கால் வைத்ததும் நாற்பத்தேழு. அவள் பக்கத்தில் வந்து குனிந்து, திசைகாட்டியைப் பாறைமேல் வைத்தான். இருபத்துநாலு.

"பொண்டாட்டி கிட்ட வர வர முள்ளுக்கே தலை சுத்துதே அண்ணா" என்றாள் நாத்தனார்.

"எனக்கு இது புதுசா என்ன?" என்றான் அவன்.

அவன் சொன்னதற்கு மறுநாள் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிட்டாள். பாறையைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் இதே நடையை நடக்கச் சொன்னாள். கணவன் முனகினாலும் நடந்தான். முள் ஆடத் தொடங்கிய இடங்களில் எல்லாம் ஒரு கூழாங்கல் வைத்தாள். கடைசியில் பார்த்தால், கண்ணுக்குத் தெரிந்த பாறையைப்போல மூன்று மடங்கு நீளத்துக்குக் கூழாங்கற்கள் வரிசையாகக் கிடந்தன. மண்ணுக்கடியில் மீதி இருக்கிறது. எந்த லாரியிலிருந்து இது விழுந்திருக்கும்?

வெயில் சாய்வதற்குள் வீடு வந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தாளை வைத்து, தேதியைப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

'மதிப்பிற்குரிய காப்பாளர் அவர்களுக்கு. தாங்கள் அனுப்பியவர் தேடிய இடத்தில் கல் இல்லாதது சரியே. தவறு என்னுடையது. திசைகாட்டியைப் பாறையின்மேல் வைத்து அளவெடுத்தேன்; பாறை முள்ளை முப்பத்தெட்டு பாகை இழுத்துவிட்டது. சரியான அளவுகளை இத்துடன் தந்திருக்கிறேன். ஐந்தைந்து தப்படிக்கு எடுத்த அட்டவணையும், கூழாங்கல் வைத்துக் குறித்த படமும் இணைத்துள்ளேன். என் தவறுதான் கல்லுக்குச் சாட்சி என்பதைத் தாங்களே கண்டுகொள்வீர்கள். மறுபடியும் ஆள் அனுப்பினால், திசைகாட்டியை நெஞ்சளவில் பிடித்தபடி மதகிலிருந்து கிழக்கே நடந்து வரச் சொல்லுங்கள். முள் எங்கே மிக அதிகமாகச் சாய்கிறதோ, அங்கே குனிந்து பார்க்கட்டும்.'

நாத்தனார் தோளுக்குமேல் எட்டி வாசித்தாள். "தவறு என்னுடையதுன்னு முதல் பத்தியிலேயே போடணுமா? கொஞ்சம் கீழ தள்ளிப் போடக்கூடாதா?"

"அதை வச்சுத்தானே மிச்சம் எல்லாம் நிக்குது."

கையெழுத்திட்டாள். பிறகு சின்னதாக ஒரு அட்டையை வெட்டி, கடையில் லென்ஸ் உறைமேல் எழுதும் பொடி எழுத்தில் எழுதினாள்: 'இரும்புப் பட்டைக்கல். கிடைத்த இடம்: மதகிலிருந்து கிழக்கே நூற்றிருபது தப்படி, தரைப்பாறை.'

"இது எதுக்கு?"

"கல்லுகிட்ட வைக்கிற சீட்டு. அவங்களுக்கு எழுதற வேலை மிச்சம்."

"அவங்க இன்னும் சரின்னு சொல்லவே இல்லையே அண்ணி!"

"சொல்லுவாங்க."

கடிதம், அட்டவணை, படம், சீட்டு என்று வரிசையாக மடித்து உறைக்குள் வைத்துப் பசை தடவி ஒட்டினாள். ஓரங்களை லென்ஸ் துடைக்கும் துணியால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். நாத்தனார் உறையைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"இது கனமா இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் தபால் நிலையம் திறந்ததும், நாத்தனார் முதல் முத்திரையை அந்த உறைமேல் குத்தி, ஒன்பதரை மணி வண்டியில் போகும் தபால் பைக்குள் போட்டு, அதன் வாயை இறுக்கிக் கட்டினாள்.