புதன் பின்னேரத்து ஆறு வரி

சாம்பவியின் ஷெல் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க றிஸ்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படிக்கும் பதினெட்டுப் பேருக்கும் றம்ஸீன் சேர் கொடுத்த வேலை ஒன்றுதான்: கட்டளையைத் தட்டினால் செய்து காட்டும் ஒரு சின்ன ஷெல் எழுத வேண்டும். முதலாவதாக வருபவருக்குக் கண்டிக் கம்பனியில் பயிற்சி இடம். இடம் ஒன்றே ஒன்று. றிஸ்லா மூன்று வாரம் மண்டையை உடைத்து எழுதியது நொண்டி நொண்டி ஓடியது. பக்கத்துக் கதிரைச் சாம்பவி எழுதியதோ வழுக்கிக்கொண்டு போனது. அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் மகள். தனி அறை, வைஃபை, ஏன் ஓடாது?

புதன் பின்னேரம் சாம்பவி லெப்டொப்பை அவள் பக்கம் தள்ளினாள். “ஒருக்கா அடிச்சுப் பாரடி. நான் பிளேன்டீ வாங்கிக்கொண்டு வாறன்.”

றிஸ்லா குறை தேடித்தான் தட்டினாள். கிடைத்தது. வேறு ஃபோல்டருக்குப் போகச் சொல்லி cd அடித்தாள். எங்கே நிற்கிறாய் என்று pwd அடித்துக் கேட்டாள். பழைய இடத்திலேயே நின்றது. மூன்று தரம் அடித்தும் அதே கதை. காரணம் உடனே பிடிபட்டது. மற்றக் கட்டளைகளைப் போல இதற்கும் சாம்பவி ஒரு பிள்ளைப் புரோகிராமைப் பிறப்பித்து அனுப்பியிருந்தாள். பிள்ளை போய்ச் சேர்ந்து அங்கேயே செத்துவிடும், தாயான ஷெல் அசையாது. இரண்டு வரி திருத்தினால் போதும்.

“எப்பிடி, சரியோ?” தேநீரோடு வந்த சாம்பவி கேட்டாள்.

“ஒன்னும் பிழை இல்ல. அப்படியே குடுத்துடு” என்றாள் றிஸ்லா. தேநீர் நன்றாக இனித்தது.

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சேர் cd அடித்தார். ஷெல் அசையவில்லை. சாம்பவிக்கு முகம் வெளுத்தது.

“ஏன் இப்படி? யாருக்குத் தெரியும்?” சேர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

றிஸ்லா கையைத் தூக்கி மடமடவென்று சொல்லி முடித்தாள்.

“சபாஷ்! கண்டிக்கு உங்க பேரைத்தான் அனுப்பப் போறேன்” என்ற சேர், மூடுவதற்கு முன் சாம்பவியின் ஷெல்லில் ஹிஸ்டரியைத் திறந்தார். அப்படி ஒன்று அதில் இருப்பதே றிஸ்லாவுக்குத் தெரியாது. அதுவரை அடித்த கட்டளை எல்லாம் நாளும் நேரமுமாக வந்து நின்றன.

“புதன், மூணு நாப்பது. cd, pwd. cd, pwd. cd, pwd. அன்னைக்கே கண்டிருக்கீங்க. ஏன் திருத்தல, சாம்பவி?”

சாம்பவி திரையைப் பார்த்தாள். பிறகு றிஸ்லாவைப் பார்த்தாள். அந்த நேரத்தில் தான் தேநீர்க் கடையில் நின்றது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“நேரம் கிடைக்கேல்லை, சேர்” என்றாள் சாம்பவி.

இடம் றிஸ்லாவுக்கே கிடைத்தது. சாம்பவி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டி மனதை ஆற்றியிருக்கலாம். தான் அவள் இடத்தில் இருந்திருந்தால் வகுப்பையே இரண்டாக்கியிருப்பாள் என்று றிஸ்லாவுக்கு நன்றாகத் தெரியும். இவளுக்குக் காட்டிக்கொடுக்காமல் விடவும் வருகிறதே என்று கண்டி பஸ்ஸில் ஏறிய முதல் நாளும் அவள் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.