பீரங்கியின் குதிகால்

பிறந்ததும் அந்தக் குழந்தை போட்ட கத்தலில் பிரசவ அறை ஜன்னலில் குந்தியிருந்த புறாக்கள் அலறியடித்துப் பறந்தன. அப்பன் அங்கேயே பெயர் சூட்டிவிட்டான்: பீரங்கி. பிறப்புச் சான்றிதழுக்கு மரியாதையான பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.

அப்பன் சைக்கிள் ரிப்பேர்காரன். டயருக்குக் காற்றடிக்கிற நேரத்தில் உலகச் செய்தி முழுவதையும் சொல்லி முடித்துவிடுவான். அவன் மனைவி தையல்காரி. துணியை வெட்டுகிற மாதிரியே பேச்சையும் அளந்து வெட்டுவாள். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. மூத்த மகள் வயிற்றில் இருந்தபோதுதான் தெரிய வந்தது. அன்றிலிருந்து தினமும் மாத்திரை. மற்றபடி வேலை, சண்டை, சமாதானம் எல்லாம் எல்லா வீட்டையும் போலத்தான்.

மூத்தவள் பிறந்த காலத்தில் கைக்குழந்தைக்குச் சோதனை என்றால் பெரிய கூத்து. தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியின் சாயல் குழந்தை ரத்தத்திலும் கொஞ்ச காலம் தங்குமாம். அதனால் சாதாரணச் சோதனை செல்லாது, பெரிய எந்திரம் வேண்டும், அது தலைநகரில் இருக்கிறது என்றார்கள். ரத்தத்தை அட்டையில் பொட்டுப் பொட்டாக வைத்து, காயவிட்டு, உறையில் போட்டு அனுப்பினார்கள். பதில் வருவதற்குள் அவள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், கடையில் ஒரு வால்வு மூடியை விழுங்கப் பார்த்தாள். அப்பன் வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தான். கடைசியில் இவன் தலை தெருமுனையில் தெரிந்ததுமே வாசல் வாட்ச்மேன் கையை ஆட்டி, "வரல, வரல" என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார். என்ன வரவில்லை என்று பாவம் அவருக்குத் தெரியாது. வேலைக்கான ஆர்டர் என்று நினைத்திருந்தார். ஒருவழியாகப் பதில் வந்தது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இவன் ஓடிப்போய் வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது அவர் கேட்டார்: "எந்த டிபார்ட்மென்ட் தம்பி?"

இப்போது பீரங்கிக்கு ஒன்றரை மாதம். அவனைத் தூக்கிக்கொண்டு இருவரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருந்துக் கிடங்காக இருந்த சின்ன அறையை வெள்ளையடித்து, அதில் ஒரு எந்திரத்தை வைத்திருந்தார்கள். ரொட்டி டப்பா அளவுதான். ஆனால் அதற்கு வந்த வாழ்வு! டாக்டர் அறையில்கூட இல்லாத ஏசி அதற்கு உண்டு. கதவைப் படாரென்று சாத்தக் கூடாது, மேஜையை ஆட்டக் கூடாது, தூசி ஆகாது. நர்ஸ்கள் அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இனிமே ரத்தம் எங்கயும் போக வேணாம்ணே. மாப்பிள்ளையே பாத்துச் சொல்லிடுவாரு. ஒரு மணி நேரம்தான்" என்றார் நர்ஸ்.

"ஒரு மணி நேரமா?" அப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏன், அதிகமா இருக்கா?"

"இல்ல சிஸ்டர். அவ்வளவு சீக்கிரமா வந்துட்டா நான் எப்படித் தயாராகுறது?"

நர்ஸ் பீரங்கியின் குதிகாலைத் தேய்த்துச் சூடாக்கி, ஊசியால் ஒரு குத்து குத்தினார். கட்டடமே அதிர்ந்தது. பக்கத்து அறையில் பல் பிடுங்கக் காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். ரத்தச் சொட்டு ஒரு சின்னப் பெட்டிக்குள் போக, பெட்டி மாப்பிள்ளையின் வாய்க்குள் போனது. பச்சை விளக்கு எரிந்தது.

மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவனால் அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், சுவரிலிருந்த தடுப்பூசிப் படத்தை மேலிருந்து கீழாகப் படித்தான், கீழிருந்து மேலாகவும் படித்தான்.

"வெளில போய்க் காத்து வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. "நீங்க ஆட்டுற ஆட்டத்துல பெஞ்சு நடுங்குது. புள்ள வாந்தி எடுத்துடுவான்."

வெளியே வாட்ச்மேனின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. "பெடல் கத்துதாண்ணே?" என்று கேட்டான். "லேசா" என்று வாட்ச்மேன் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. அவன் கைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. அதே சுவரோரம் கிடந்த வாட்ச்மேனின் கருவிப் பையைப் பிரித்தான். பெடலில் ஆரம்பித்தான். பெடலிலிருந்து செயின், செயினிலிருந்து பின்சக்கரம், அங்கிருந்து முன்சக்கரம். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் என்று சொல்ல அங்கே சீட்டும் மணியும்தான் மிஞ்சியிருந்தன. வாட்ச்மேன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நர்ஸ் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். "அண்ணே, உள்ள வாங்க. உங்க வீட்டம்மா, நீங்க வந்தாத்தான் ரிசல்ட்ட கேப்பாங்களாம்."

"தம்பி! என் வண்டி!" என்றார் வாட்ச்மேன்.

அவன் காதில் விழவில்லை. முழங்கை வரை கிரீஸோடு உள்ளே ஓடினான். எதிலும் படக் கூடாது என்பதால் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி, திருடனிடம் மாட்டிக்கொண்டவன் போல நின்றான்.

நர்ஸ் கதவை மெதுவாகச் சாத்தினார். சுற்றி வளைக்கவில்லை. "புள்ளைக்கு இருக்கு" என்றார்.

அளந்து பேசுகிற மனைவிதான் முதலில் பேசினாள்.

"மாசமா இருந்தப்ப வாந்தி நிக்கவே இல்ல சிஸ்டர். மாத்திரை வயித்துல தங்கல. அதனாலதானா?"

"இருக்கலாம்மா. வாந்திய நீ வேணும்னா எடுத்த? அத விடு. இத கேளு. இந்த நோய் பெரியவங்ககிட்ட மெதுவா வேலைய காட்டும், கைக்குழந்தைகிட்ட அவசரப்படும். அதுக்கு முன்னாடி நாம அவசரப்படணும். மருந்து இன்னிக்கே ஆரம்பிக்கிறோம். இப்பவே. இன்னொரு தடவை ரத்தம் எடுத்து உறுதி பண்ணுவோம், ஆனா அதுக்காக மருந்து நிக்காது."

"அட்டையில வச்சு அனுப்பியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் பீரங்கியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அப்பன் கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது. துடைக்கக் கை இல்லை. மனைவி குழந்தைத் துண்டின் நுனியால் அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை. "கைய கழுவிட்டு வாங்க. புள்ளைய நீங்கதான் புடிக்கணும்."

குழாயடியில் வாட்ச்மேன் தானே வந்து தண்ணீர் ஊற்றினார். இவன் கண்களைப் பார்த்ததும் சைக்கிளைப் பற்றிய பேச்சை விழுங்கிவிட்டார். "என்ன தம்பி, வந்துடுச்சா?"

"வந்துடுச்சுண்ணே."

"நல்லதாவா?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "சீக்கிரமா வந்துச்சுண்ணே."

உள்ளே இன்னொரு குதிகால் குத்து, இன்னொரு கத்தல். பிறகு நர்ஸ் ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தார். பழ வாசனை அடித்தது. பீரங்கியை மடியில் பிடித்துக்கொண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் அப்பன் அதை அவன் வாயில் விட்டான். பீரங்கி யோசித்துச் சுவைத்தான். நாக்கைச் சுழற்றினான். பிறகு 'ப்பூ' என்று முழுவதையும் அப்பன் முகத்தில் திருப்பிக் கொடுத்தான்.

"குறி தப்பல" என்றார் நர்ஸ்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நர்ஸ் மறுபடி கரைத்தார். இந்தத் தடவை கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லிக்கொடுத்தார். இறங்கியது. அதன்பின் அப்பன் போய்ச் சைக்கிளை மறுபடி ஒன்றுசேர்த்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வாட்ச்மேன் அன்று டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தார்.

இரண்டாவது சோதனையும் அதையேதான் சொன்னது. வீட்டில் மருந்து நேரம் தினமும் ஒரு போர்தான். ஒருநாள் தையல் எந்திரத்தின் சத்தம் கேட்டால் பீரங்கி வாயைப் பிளந்து சொக்கிக் கிடக்கிறான் என்று அம்மா கண்டுபிடித்தாள். அப்புறம் அவள் வெறும் எந்திரத்தை மிதிக்க, அப்பன் சொட்டு விட, மூத்தவள் "முழுங்கிட்டான்!" என்று தெருவுக்கே அறிவிக்க, வேலை சுலபமாகிவிட்டது.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். பீரங்கி கொழுகொழுவென்று ஆகியிருந்தான். கீழே இரண்டு பற்கள் முளைத்திருந்தன. நோய் முழுசாகப் போகாது, மருந்தும் நிற்காது, ஆனால் இப்போது கிருமி சோதனையில் தட்டுப்படாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னார். சொல்லிக்கொண்டே ஈறைத் தடவிப் பார்க்க அவன் வாயில் விரலை விட்டார். மறுநிமிஷம் "ஐயோ அம்மா!" என்று விரலைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

அளந்து பேசுகிற தையல்காரி சிரித்த சிரிப்பு தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.