சாப்பாட்டுக்கு முன் ஒரு படம்

மூத்த மருமகளுக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியுமோ இல்லையோ, படம் எடுக்க நன்றாகத் தெரியும். ‘எங்க வீட்டு ராத்திரிச் சாப்பாடு’ என்று நாற்பது பெண்கள் கூடிய வாட்ஸப் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஏழு மணி ஆனால் போதும், தட்டுகள் வரிசையாக வந்து விழும். ஒருத்தி முட்டையைப் பூவாக வெட்டியிருப்பாள். இன்னொருத்தி கேரட்டில் கோபுரமே கட்டியிருப்பாள். அதையெல்லாம் யார் தின்றார்கள் என்று கேட்க ஒருத்திக்கும் நேரமில்லை. எல்லாருக்கும் எல்லாரும் இதயம் போட்டாக வேண்டும். போடாதவளைப் பற்றிப் பேசவே தனியாக ஒரு குழு இருந்தது.

இளைய மருமகளுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவள் தையல்கடை வைத்திருப்பவள். விடியற்காலையில் எழுந்து இரவுக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவாள். மாலையில் அதைச் சூடுபண்ணி, ‘என் கைப்பக்குவம்’ என்று மூத்தவள் படம் போடுவாள். பேர் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று இளையவள் விட்டுவிட்டாள். ஒன்றை மட்டும்தான் கறாராகச் சொல்லியிருந்தாள். மாமனாருக்கு ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி. போட்ட அரைமணிக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும்.

அன்று ஒரு பள்ளிச் சீருடை வேலை இழுத்துவிட்டது. வீடு வந்து சேர எட்டாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில், படத்துக்கு வெளிச்சம் வேண்டிக் கொண்டுவந்த படுக்கையறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூத்தவள் நாற்காலிமேல் ஏறி நின்று, கீழே இருந்த சூப் கிண்ணத்துக்குப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மாமனார். வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நடுங்கும் கையைக் கிண்ணத்தை நோக்கி நகர்த்தினார்.

“கைய எடுங்க மாமா, நிழல் விழுது.”

இளையவள் பையை வீசிவிட்டு ஓடினாள். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, அவர் தலையைத் தாங்கி, மிடறு மிடறாகக் குடிக்க வைத்தாள். அவருடைய கண்ணில் தெளிவு வரக் கால்மணி ஆனது.

“ஊசி எப்பக்கா போட்டீங்க?”

“ஏழுக்கே போட்டாச்சு. ஒரு படத்துல என்ன குடி முழுகிப்போச்சு? மூணு தடவையும் ஆடிப்போச்சு, அதான் லேட்டு.”

இளையவள் ஆறிப்போன சூப்பைச் சூடாக்கி மாமனாருக்கு ஊட்டி முடித்தாள். ஊசிப் பெட்டியைத் தன் அறைக்குக் கொண்டுபோய் வைத்தாள். நாளை முதல் கடையை ஆறுக்கே சாத்துவது என்று முடிவு செய்தாள். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. காலி டம்ளரைப் படமெடுத்து, மூத்தவள் தன்னையும் சேர்த்துவிட்டிருந்த அந்தக் குழுவில் முதல் தடவையாகப் போட்டாள்.

‘இன்று எங்கள் மாமாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர். ஊசி போட்டு ஒரு மணி நேரம் பட்டினி. சாப்பாட்டைப் படம் எடுத்து முடியாததால் உயிர் போகப் பார்த்தது.’

இரண்டே நிமிடத்தில் முப்பத்தேழு இதயங்கள் வந்து விழுந்தன. ஒருத்தி மட்டும் எழுதியதையும் கொஞ்சம் படித்திருந்தாள் போலிருக்கிறது.

‘சூப்பர் சிஸ்டர். சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு சொல்லுங்க, நாளைக்கே எங்க மாமாவுக்கும் செஞ்சு போடறேன்.’