பெட்டி மூடியில் அப்பாவின் முகம்

முந்தின நாள் மாலை அப்பா அம்மாவின் வலது மணிக்கட்டை முறித்துவிட்டார். அவருடைய டயர் கடைக்கு வந்த ஒருவர் ஒரு விளையாட்டுப் பெட்டியைக் காட்டி, "இது நீதானே, உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்திருக்கிறார். வரைந்தது மூத்த மகள் என்று அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. என்னோடு வீட்டை விட்டுப் போன அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நானும் அக்காவும் நேராகப் பதிப்பகத்துக்குப் போனோம். அங்கே நான் பக்கங்களை வடிவமைக்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டங்களுக்கான புத்தகங்கள் எங்களுடையவை. அதில் ஒரு புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் குகை அரக்கனை அக்கா வரைந்திருந்தாள். பிளந்த இடது புருவம், கட்டைவிரலை உள்ளே மடக்கிய முஷ்டி, அடிப்பதற்கு முன் ஒரு பக்கமாகச் சாயும் கழுத்து. அத்தனையும் அப்பா. ஒரே ஒரு புத்தகம், அதுவும் உள்பக்கம், அட்டையில் கூடவே கூடாது என்று சொல்லித்தான் அச்சிட அனுமதி கொடுத்தாள். அசல் ஓவியத்தை மட்டும் முதலாளி விலைக்கு வாங்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். இப்போது யாரிடமும் கேட்காமல் அதையே, பகடைகளோடு பெட்டியாக வரும் புதுப் பதிப்பின் மூடியில் போட்டிருந்தார். மூடியை வெளியாளிடம் கொடுத்துச் செய்ததால் எனக்கே தெரியாது.

வாசலில் வேன் நின்றது. முதல் நடை முந்தின நாளே சில கடைகளுக்குப் போயிருந்தது; டிரைவர் மிச்சப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வண்டியை நிறுத்துங்க சார்" என்றாள் அக்கா. "கடைக்குக் கடை இந்த மூஞ்சி போனா, எங்க அம்மா உயிரோட இருக்க மாட்டாங்க."

"உங்க வீட்டுச் சண்டைக்கு என் வியாபாரமா? மாட்டை வாங்கினவன் பாலைக் கறக்கக்கூடாதா?"

"நான் வித்தது கான்வாஸை. படத்தை இல்ல. பாட்டு கேசட் வாங்கினா பாட்டே உங்களோடதாயிடுமா?"

எந்தச் சண்டையையும் பகடையால் தீர்ப்பது முதலாளியின் வழக்கம். எங்கள் விடுமுறைகூட அப்படித்தான் முடிவாகும். முஷ்டி அளவு பித்தளைப் பகடை ஒன்று, இருபது முகம் கொண்டது, அவர் மேசையில் இருக்கும். "பத்துக்கு மேல விழுந்தா வண்டி போகும்" என்று உருட்டினார். பதினேழு.

அக்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். அவர் அவள் கையை முறுக்கி அவளை அலமாரியில் மோதித் தள்ளினார். உதடு கிழிந்து அவள் அதன் பின்பக்கம் விழுந்தாள். நான் இருவருக்கும் நடுவில் புகுந்து முதலாளியை நாற்காலியில் தள்ளிய நேரத்தில், கதவு சுவரில் அறைந்து திறந்தது.

அப்பா. ஒரு கக்கத்தில் பெட்டி, மறு கையில் டயர் கழற்றும் நெம்புக்கம்பி. பெட்டியின் அடியில் பதிப்பகத்தின் முகவரி அச்சாகியிருந்ததை நாங்கள் யாருமே நினைக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் கிடந்த அக்காவை அவர் பார்க்கவில்லை.

"இந்தப் படம் யாரோடது?"

முதலாளி கலைந்த காலரைச் சரிசெய்துகொண்டே, நிமிராமல் சொன்னார். "என்னோடது. படம், உரிமை, எல்லாமே என்னோடது. உனக்கும் பங்கு வேணுமா?"

பிறகுதான் நிமிர்ந்தார். அப்பாவின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதலாளி ஒரு கணம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அதற்குள் கம்பி அவர் தாடையில் இறங்கியது. இரண்டு பற்கள் மேசையில் பகடைகளோடு கலந்தன.

"யாரோடது?"

"அவளோடது" என்று ரத்தத்தோடு துப்பினார். "முழுக்க அவளோடது. எனக்கு ஒரு உரிமையும் இல்ல." அறை வாசலில் திரண்டிருந்த பேக்கிங் ஆட்கள் எல்லோருக்கும் அது கேட்டது. அவர் விரல் அலமாரியைக் காட்டியது.

பின்கதவு திறந்துதான் இருந்தது. அக்கா ஓடவில்லை, எழுந்து நின்றாள்.

"ஆமா, என்னோடதுதான். நான்தான் வரஞ்சேன்."

"பெத்தவனை மிருகமாக்கிட்டியா?"

"ஆக்கலப்பா. பாத்ததை வரஞ்சேன்."

அப்பா முதலில் ஓவியத்தைக் கம்பியால் குத்திக் கிழித்தார். நெற்றி முதல் முகவாய்வரை அது நார்நாராகத் தொங்கியது. அடுத்த வீச்சு அக்காவின் தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவளின் வரையும் கையைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார்.

என் கைக்கு அகப்பட்டது பித்தளைப் பகடை. அவர் காதுக்குப் பின்னால் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். இரண்டாவது அடி தேவைதானா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. முதல் அடியிலேயே அவர் முழங்கால் மடங்கத் தொடங்கியிருக்கலாம். பகடை கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. என்ன எண் என்று யாரும் பார்க்கவில்லை.

டிரைவர் அப்பாவின் முதுகில் ஏறி உட்கார்ந்தார். பேக்கிங் ஆட்கள் பார்சல் டேப்பால் கையையும் காலையும் சுற்றினார்கள். அப்பா மூச்சிரைக்க எங்கள் இருவரையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தார். ஒருவர் வாய்க்கும் ஒரு துண்டு ஒட்டினார். நான் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்தேன்.

அப்பாவின் முதுகில் உட்கார்ந்தபடியே டிரைவர் கேட்டார்: "சார், வண்டி கிளம்பணுமா?"

முதலாளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைக் கைகாட்டினார்.

"இறக்குங்கண்ணா" என்றாள் அக்கா, சுவரில் சாய்ந்தபடி. "ஏற்கெனவே கடைக்குப் போன பெட்டிகளும் திரும்பி வரணும்."

முதலாளியின் பார்வை ஆணியில் தொங்கிய நார்களுக்குப் போனது.

"அந்தக் கான்வாஸ் துணி உங்களோடதுதான் சார்" என்றாள். "அதுல நான் கை வைக்கமாட்டேன்."