மணியின் நாக்கில் சுற்றிய சேலை

கோவில் மணிக்காரரின் மனைவி பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் செத்துப்போனாள். மறுநாள் காலை எழுந்து பீடத் துணிகளுக்கு இஸ்திரி போட்டாள். இதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய வியாழன் மாலையிலிருந்து ஈஸ்டர் உயிர்ப்புப் பூசை வரை கோவில் மணி வாய் திறக்கக் கூடாது. வயதுக்கு ஓர் அடி என்று துக்க மணி அடித்தால்தானே செத்தவருக்கே விஷயம் தெரியும்? அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஓர் அடிகூட விழவில்லை. டாக்டர் எழுதித் தந்த சாவுச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிர்ப்புக்கு மணி அடித்தால் இவள் போய்விடுவாள் என்று அவருக்குப் பட்டது. ஏணியில் ஏறி, அவளுடைய பழைய சேலை ஒன்றை மணியின் நாக்கில் இறுகச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினார்.

அந்த உயிர்ப்புக்கும் அடுத்து வந்த ஆறு உயிர்ப்புக்கும் மணி பொத் பொத்தென்றது. ஏணி என்றாலே தலைசுற்றும் கொல்லர், கீழே நின்றபடியே வெண்கலத்துக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு சாமியார்கள் மாறிப்போனார்கள். ஞானஸ்நானமும் கல்யாணமும் சத்தமில்லாமல் நடந்தன. சாவுக்கு மரக்கட்டையைத் தட்டினார்கள். செத்த மற்றவர்கள் அடம்பிடிக்காமல் அதற்கே கிளம்பிப்போனார்கள். இவள் மட்டும் இருந்தாள். சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. நற்கருணை வரிசையில் நின்றால் சாமியார் அவளைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுப்பார், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. வருஷத்துக்கு வருஷம் அவள் கை குளிர்ந்துகொண்டே போனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் மணிக்காரர் தூங்கினார். பாவி மனுஷன், அவருக்கு மட்டும் தூக்கம் வந்தது.

எட்டாவது உயிர்ப்புக்கு முந்தின நாள் காலை, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "என்னங்க, கண்ணு எரியுது. ஏழு வருஷமா மூடவே இல்ல. மேல போய் என் சேலைய அவுத்துட்டு வாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முத நாளே தெரியும். தனியா என்ன பண்ணுவீங்களோன்னுதான் இருந்தேன்."

அன்று இரவு உயிர்ப்புப் பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் தொடங்கியதும் மணி முழங்கியது. ஜனம் பாட மறந்து அழுதது. மணிக்காரர் கயிற்றை விடாமலே திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். போக மாட்டாள் போலிருக்கிறது என்று அவருக்கு ஒரு நப்பாசை. அவள் இல்லையென்று தலையாட்டினாள். இது சந்தோஷ மணி. அவளுக்கு உரியது வேறு.

ஞாயிறு காலை, பூசை முடிந்ததும் அதை அடித்தார். உயிர்ப்பு நாளில் துக்க மணியா என்று யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தொன்றில் நிறுத்தியிருக்க வேண்டும். அவள் இமை பாதி இறங்கிவிட்டது, ஆனாலும் காத்திருந்தாள். மீதி ஏழையும் அவர் ஒவ்வொன்றாக, முந்தினதன் ஓசை முழுக்க அடங்கிய பிறகே அடித்தார். ஐம்பத்தெட்டாவது அடிக்குக் கண்ணை மூடினாள்.

சாமியார் பதிவேட்டில் வயது ஐம்பத்தெட்டு என்றே எழுதினார். ஞானஸ்நானத்துக்காகக் கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தவர்கள் ஒதுங்கி, அவளைச் சுமந்து வந்தவர்களுக்கு வழிவிட்டார்கள். அரைமணி நேரம் கழித்து அந்தக் குழந்தைக்குச் சந்தோஷ மணி அடிக்க வேண்டியிருந்தது. மணிக்காரர் அடித்தார்.