டீக்கடை வண்டி

குழந்தைராஜின் லாரிக்கு ஊரில் டீக்கடை வண்டி என்று பெயர். நெல் மூட்டையோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். சாவியைத் திருகித் திருகிக் கை ஓய்ந்தாலும் எடுக்காது. இறங்கிப் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தால், எதுவும் நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பும்.

ஒரத்தநாட்டைச் சுற்றி வாய் இருக்கிறவனெல்லாம் அதற்கு டாக்டர் ஆகிவிட்டான். குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது என்றார் ஒருவர். கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தார்கள். ஃபில்டர்தான் என்றார் இன்னொருவர், மாற்றினார்கள். டீசல் பம்பு தஞ்சாவூருக்குப் போய் மினுமினுவென்று திரும்பி வந்தது. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பிறகு சில நாள் நன்றாக ஓடும், மறுபடி டீ கேட்கும். கண்டவனும் தவணையில் புது வண்டி எடுக்கிற காலத்தில் இந்தக் கிழத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று கேலி செய்வார்கள். குழந்தைராஜும் சேர்ந்து சிரிப்பான். அப்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அவன் மனைவி சகாயம்மாளுக்கு வண்டி நிற்பதைப் பற்றிக் கவலை இல்லை; கவிழ்வதைப் பற்றித்தான். வண்டிக்கு அந்தப் பெயர் வருவதற்கும் முன்னால், வல்லம் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்த செய்தி கேட்டதும் மாதாவின் உத்தரியத்தை அவன் கழுத்தில் போட்டுவிட்டாள். ஒரு நூலின் இரண்டு முனையிலும் சதுரமாய்க் கம்பளித் துணி. ஒன்று மார்பில் கிடக்கும், ஒன்று முதுகில். அதைப் போட்டவர்களை மாதா கைவிடமாட்டாள். குழந்தைராஜோ வியர்வையில் அரிக்கிறது என்று இரண்டாம் நாளே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான். "நீங்க போட்டுக்க மாட்டீங்க. வண்டிக்காவது போட்டுடறேன்" என்றாள். ஆணியில் உத்தரியம் காணாமல் போனது. கேபினில் தேடிப் பார்த்தான், இல்லை. எங்கேயாவது பெட்டியில் வைத்திருப்பாள் என்று விட்டுவிட்டான்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவர்கள் மகன் ரெஜினுக்கு மூச்சிழுப்பு வந்தது. குழந்தையிலிருந்தே வருகிற இழுப்புதான், ஆனால் அன்றைக்கு உதடு நீலம் பாரித்தது. அடைமழையில் பஸ் ஓடவில்லை. லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓட்டினான். புது ஆற்றுப் பாலத்தில் வண்டி இருமியது, நின்றது. சாவியைத் திருகினான். திருகிக்கொண்டே இருந்தான், பேட்டரி செத்து முனகுகிற வரைக்கும். டிராக்டர் ஒன்று வந்து சேர்ந்தபோது ரெஜின் அம்மா மடியில் மூச்சில்லாமல் கிடந்தான்.

கல்லறையில் சகாயம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "வண்டிய நல்லா வச்சிருக்கக் கூடாதா?" அதன்பிறகு அவள் பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், அவ்வளவுதான். குழந்தைராஜுக்கோ அழுகையே வரவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், சவரம் செய்துகொண்டான். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. லாரி களத்து ஓரம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தது.

சித்திரையில் மஸ்கட்டுக்கு டிரைவர் விசா வந்தது. லாரியைப் பேராவூரணித் தேங்காய் வியாபாரி லியாகத் அலி கேட்டார். நிற்காமல் ஓடினால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்காகத்தான் மெக்கானிக் யூனுஸின் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போனது. விற்றாலும் விற்காவிட்டாலும் குழந்தைராஜுக்கு ஒன்றுதான். அன்றைக்கு ஏன் நின்றது என்பது மட்டும் தெரியவேண்டும். அது தெரியாமல் அவனால் விமானம் ஏற முடியாது.

யூனுஸ் புது பேட்டரியை மாட்டினான். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்கிற ஆள் அவன்.

"சும்மா ஸ்டார்ட் பண்ணி விட்டா நிக்குமாண்ணே?"

"நிக்காது. லோடு ஏத்தினா, இல்ல வேகமா மிதிச்சாத்தான்."

யூனுஸ் ஒரு கேனில் டீசலை ஊற்றி கேபின் மேலே கட்டினான். அதிலிருந்து ரப்பர் குழாயை நேராகப் பம்புக்குக் கொடுத்தான். லாரியின் சொந்த டேங்க்குக்கு அன்று வேலை இல்லை. செங்கல் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். நன்றாக மிதித்து ஓட்டச் சொன்னான் யூனுஸ். புது ஆற்றுப் பாலம் வந்தது. குழந்தைராஜ் சாலையைப் பார்த்தபடி ஓட்டினான். பாலம் பின்னால் போனது. திரும்பும்போதும் வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

"வண்டி நல்லாத்தாண்ணே இருக்கு. டேங்க்லேருந்து வர்ற வழியிலதான் சங்கதி" என்று யூனுஸ் டேங்க் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினான். உள்ளே குபுகுபுவென்று சத்தம் வந்தது. பிறகு உறிஞ்சினான். கொஞ்சம் டீசல் வந்தது. சட்டென்று வரத்து நின்று கன்னம் ஒட்டிப்போனது. துப்பிவிட்டுச் சிரித்தான்.

"ஊதினா போகுது, உறிஞ்சினா அடைக்குது. உள்ள என்னமோ கெடக்குண்ணே. இழுக்கும்போது வந்து குழாய் வாயில ஒட்டிக்கிது. இழுக்கறத நிறுத்துனா கொஞ்ச நேரத்துல தானா விட்டுடுது."

"டீ குடிக்கிற நேரத்துல."

"அதேதான். விடாம ஸ்டார்ட் அடிச்சா விடாது, இன்னும் இறுக்கிப் புடிக்கும். சும்மா கொஞ்ச நேரம் விட்டாலே எடுத்திருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் யூனுஸுக்கு அந்த ஐப்பசி மத்தியானம் ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு டேங்க்கின் அடியில் புகுந்துகொண்டான்.

டேங்க்கை இறக்கி, டீசலை வடித்து, வாய் வழியாகக் கம்பியை விட்டுத் துழாவினான். கம்பியின் நுனியில் கறுப்பாக ஏதோ தொங்கிக்கொண்டு வந்தது. நூல் ஒன்று, அதன் இரண்டு முனையிலும் சதுரமாய்த் துணி.

"தாயத்து மாதிரி இருக்கேண்ணே. எவனோ வயித்தெரிச்சல்காரன் வேல. யாருன்னு கண்டுபுடிச்சு உதைக்கணும்."

"குடு இங்க" என்றான் குழந்தைராஜ்.

கையில் வைத்துப் பிழிந்தான். டீசல் சொட்டியது. சகாயம்மாள் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அவன் இல்லாத நேரம் பார்த்து மூடியைத் திருகித் திறந்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இதை உள்ளே விட்டிருப்பாள். அதை நினைத்தபோது பாவமாக மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் வாய்க்காலில் இறங்கிக் கை கழுவினான். உத்தரியத்தைத் தண்ணீரில் விட்டுவிடலாம் என்று நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பையில் வைத்தால் துவைக்கும்போது அவள் கையில் கிடைக்கும். கழுத்தில் மாட்டி, சட்டைப் பித்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டான்.

சகாயம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "என்னவாம்?" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி.

"எம்மேலதான் தப்பு. விடாம ஸ்டார்ட் அடிச்சேன்ல. சும்மா கொஞ்ச நேரம் விட்டிருந்தா எடுத்திருக்குமாம்."

முறம் நின்றது.

"டேங்க்கக் கழட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"உள்ள ஒண்ணும் இல்லையா?"

இத்தனை மாதமும் அவள் பேசாததற்கு அவன்மேல் கோபம்தான் காரணம் என்று நினைத்திருந்தான். இந்தக் கேள்வியைத்தான் அவள் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"ஒண்ணும் இல்ல. அடியில கொஞ்சம் வண்டல், அவ்வளவுதான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கவுத்துப் போட்டே பாத்தோம். ஒண்ணும் இல்ல சகாயம்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கல்லறையில்கூட அழாத அழுகையை அழுதாள். குழந்தைராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு இப்போதும் அழுகை வரவில்லை.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சட்டையெல்லாம் டீசலு. கழட்டிக் குடுங்க, நனைச்சுப் போடறேன்" என்றாள்.

"இருக்கட்டும். நாளைக்குத் தர்றேன்."

ஈரக் கம்பளி மார்பிலும் முதுகிலும் அரித்தது. அவன் சொறியவில்லை.